ஆன்டிபாடியோடு சிறு மூலக்கூறைக் கோப்பது: வடசென்னை ஆய்வக மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கமிருந்து பயோடெக், உயிர்வேதியியல் படித்து, ப்ராஜெக்டுக்காக முதல்முறை ஒரு ஆன்டிபாடிக் குப்பியைக் கையில் எடுப்பவர்களுக்காக இந்தப் பக்கம். பள்ளிப் புத்தகத்தில் எதிர்ப்பொருள் என்று படித்ததுதான் ஆன்டிபாடி. நல்ல குப்பி ஒன்றின் விலை ஒரு மாத வீட்டு வாடகையை விழுங்கிவிடும். ஆகவே வேலை எங்கே கெடும், ஏன் கெடும் என்பதைத்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறோம். கடைசி இரண்டு கேள்விகள் சிகிச்சையில் இருப்பவர்களின் வீட்டாருக்கு.

ஆன்டிபாடியே போதாதா? அதோடு இன்னொன்றை ஏன் கோக்க வேண்டும்?

ஆன்டிபாடிக்குத் தேடத் தெரியும். மார்பகப் புற்றுநோயில் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம் பேருக்குக் கட்டியின் செல்கள் மேல் ஹெர்2 என்ற புரதம் அளவுக்கு மீறி இருக்கும். டிராஸ்டுசுமாப் என்ற ஆன்டிபாடி ரத்தத்தில் சுற்றி, அந்த ஹெர்2 இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒளிரும் சாயத்தை அதில் கோத்தால் அந்த இடம் மைக்ரோஸ்கோப்பில் தெரியும். கதிரியக்க உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் கீலேட்டரைக் கோத்தால் பெட் ஸ்கேனில் தெரியும். நச்சு மருந்தைக் கோத்தால் அந்த செல்லுக்குள்ளேயே போய் இறங்கும். எம்எம்ஏஈ, டிஎம்1 போன்ற நச்சுகளைத் தனியாக நரம்பில் ஏற்றினால் உடம்பு தாங்காது, அத்தனை வீரியம். ஆன்டிபாடியின் முதுகில் ஏறித்தான் அவை மருந்தாகின்றன.

ஒரே வகை ஆன்டிபாடியை வேண்டிய அளவு வளர்க்கும் வழியை விஞ்ஞானிகள் கோலரும் மில்ஸ்டீனும் 1975-இல் காட்டினார்கள். நச்சு கோத்த முதல் மருந்து 2000-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவே 2010-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டு, அளவு குறைக்கப்பட்டு 2017-இல் திரும்பி வந்தது. கோப்பதில் எவ்வளவு, எப்படி என்பது உயிர்போகிற விஷயம் என்பதற்கு இந்த ஒரு மருந்தின் கதையே போதும்.

ஆன்டிபாடியில் எந்த இடத்தில் ஒட்டும்?

பெரும்பாலும் இரண்டு இடங்கள். ஒன்று லைசின் என்ற அமினோ அமிலம். ஆய்வகத்தில் பெரும்பாலும் புழங்கும் வகையான ஐஜிஜி ஆன்டிபாடி ஒன்றில் 80-க்கு மேல் லைசின் இருக்கிறது. நாம் கோக்கும் மூலக்கூறின் ஒட்டும் முனைகளான என்எச்எஸ் எஸ்டரும் ஐசோதயோசயனேட்டும் அவற்றில் எட்டியதைப் பிடிக்கும். எது பிடிபடும் என்று நாம் சொல்ல முடியாது. இலக்கைப் பிடிக்கும் நுனியிலேயே ஒட்டினால் ஆன்டிபாடி குருடாகிவிடும். இன்னொன்று சிஸ்டீன், கந்தகம் உள்ள அமினோ அமிலம். ஐஜிஜி1-இல் சங்கிலிகளுக்கு இடையே 4 டைசல்ஃபைடு (கந்தகம்-கந்தகம்) பாலங்கள் உண்டு. அவற்றைத் திறந்தால் 8 தயோல், அதாவது கந்தக முனை. மாலிமைடு என்ற ஒட்டும் முனை அங்கே பிடிக்கும். முதல்முறை செய்பவர்கள் லைசினில் தொடங்குங்கள். சாயம் கோப்பதற்கு அது தாராளமாகப் போதும்.

குப்பி வந்துவிட்டது. நேராகச் சாயத்தைச் சேர்க்கலாமா?

கூடாது. குப்பியோடு வரும் தாளில் பஃபரில் (பி.எச்-ஐ நிலையாக வைக்கும் கரைசலில்) என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். டிரிஸ், கிளைசின், பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்), ஜெலட்டின் இவற்றில் ஒன்று இருந்தாலும் நிறுத்துங்கள். டிரிஸிலும் கிளைசினிலும் லைசினில் இருப்பது போன்ற அமீன் உண்டு. உங்கள் சாயத்தை அவையே தின்றுவிடும். பிஎஸ்ஏ இன்னும் மோசம். குப்பியில் ஆன்டிபாடியைவிட அது பத்து மடங்கு இருக்கலாம். கடைசியில் அழகாக ஒளிரும் பிஎஸ்ஏ கிடைக்கும். டிரிஸ், கிளைசினைப் பஃபர் மாற்றி நீக்கலாம். பிஎஸ்ஏ-வை அப்படி நீக்க முடியாது, ஆகவே வாங்கும்போதே பிஎஸ்ஏ இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள். கெடாமல் இருக்கப் போடும் சோடியம் அசைடு சிறு அளவில் என்எச்எஸ் வேலையைக் கெடுக்காது. ஆனால் க்ளிக் முறையில், அதாவது டிபிசிஓ என்ற முனையை ஒரு அசைடு முனையோடு சேர்த்துக் கோப்பதென்றால், குப்பியிலுள்ள அசைடே டிபிசிஓ-வோடு சேர்ந்துவிடும். முழுக்க நீக்கியாக வேண்டும்.

சரி, அளவு சொல்லுங்கள். 1 மில்லிகிராம் ஆன்டிபாடிக்கு எவ்வளவு சாயம்?

எடையை மறந்து மோலில் எண்ணுங்கள். ஐஜிஜியின் எடை 1,50,000 டால்டன். அப்படியானால் 1 மி.கி என்பது 6.67 நானோமோல். சாயம் 10 மடங்கு வேண்டும்: 66.7 நானோமோல். அலெக்சா ஃப்ளூவர் 488 என்ற சாயத்தின் என்எச்எஸ் எஸ்டர் எடை 643. அதில் 1 மி.கி எடுத்து 155 மைக்ரோலிட்டர் உலர்ந்த டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தால் 10 மில்லிமோலார் கரைசல். அதில் 6.7 மைக்ரோலிட்டர் எடுத்தால் கணக்குச் சரி.

செய்முறை: பிபிஎஸ் (ஃபாஸ்பேட் உப்புக் கரைசல்) பஃபரில் 2.5 மி.கி/மி.லி செறிவுள்ள ஆன்டிபாடி 400 மைக்ரோலிட்டர் எடுங்கள். 1 மோலார் சோடியம் பைகார்பனேட், பி.எச் 8.3, அன்றே கரைத்தது, 40 மைக்ரோலிட்டர் சேருங்கள். பிறகு சாயம். சாயத்தை ஒரே இடத்தில் கொட்டாமல், ட்யூபை மெல்லச் சுழற்றிக்கொண்டே இரண்டு மூன்று தவணையில் விடுங்கள். டிஎம்எஸ்ஓ ஒரே இடத்தில் குவிந்தால் அங்கே புரதம் திரிந்து வெள்ளை நூல்போல இறங்கும். வோர்டெக்ஸ் கருவியில் குலுக்க வேண்டாம், நுரை வந்தால் ஆன்டிபாடி கெடும். ட்யூபை அலுமினியத் தாளில் சுற்றி, 25 டிகிரியில் 1 மணி நேரம் வையுங்கள்.

ஆன்டிபாடி 1 மி.கி/மி.லி-க்குக் கீழே இருந்தால் முதலில் செறிவாக்குங்கள். நீர்த்த கரைசலில் சாயம் ஆன்டிபாடியைத் தேடிப் பிடிப்பதற்குள் தண்ணீர் அதைப் பிடித்துவிடும்.

போன மாதம் நல்லா வந்துச்சு, அதே சாயம் இப்ப ஒட்டவே மாட்டேங்குது. ஏன்?

எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். பதில் பெரும்பாலும் காற்றில் இருக்கிறது. நம் ஊர் கடலை ஒட்டிய ஊர். ராயபுரத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தால் உப்பு டப்பா கசிவது போலத்தான் இந்தச் சாயமும். என்எச்எஸ் எஸ்டருக்குத் தண்ணீர் பட்டால் போதும், உடைந்து செத்துவிடும். நிறம் மாறாது, ஒளிர்வு குறையாது, எடையும் ஏறக்குறைய அதேதான். பார்வைக்கு உயிரோடு இருக்கும். ஒட்ட மட்டும் ஒட்டாது.

நடப்பது இப்படி. மைனஸ் 20-லிருந்து குப்பியை எடுத்து மேசை மேல் வைக்கிறோம். அரை நிமிடத்தில் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்க்கும், ஐஸ் மோர் டம்ளர் மாதிரி. அப்போதே மூடியைத் திறந்தால் அதே வியர்வை உள்ளே இருக்கும் பொடியின் மேலும் படியும். ஆகவே குப்பியை சிலிக்கா ஜெல் போட்ட பையோடு, பை மூடியபடியே வெளியே எடுங்கள். 45 நிமிடம் விடுங்கள். பையின் வெளிப்பக்கம் வியர்த்துக் காய்ந்த பிறகுதான் பையைத் திறக்க வேண்டும். நீல சிலிக்கா ரோஜா நிறமாகியிருந்தால் அது வேலை செய்யவில்லை என்று பொருள். 120 டிகிரி அவனில் வறுத்து மறுபடி பயன்படுத்தலாம்.

அடுத்த குற்றவாளி டிஎம்எஸ்ஓ. அதுவே காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். 500 மி.லி பாட்டிலைத் தினம் பத்து பேர் திறக்கும் ஆய்வகத்தில் அது உலர்ந்த டிஎம்எஸ்ஓ-வாக இருக்க வாய்ப்பே இல்லை. செப்டம் மூடியுள்ள சிறு பாட்டில் வாங்கி, ஊசியால் எடுங்கள். சாயத்தைக் கரைத்ததும் அன்றே பயன்படுத்துங்கள். மிச்சத்தை வைப்பதானால் 10 மைக்ரோலிட்டராகப் பிரித்து, உலர்த்திய ட்யூப்களில் மைனஸ் 20-இல். ஒரு ட்யூப் ஒரு தடவைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை ஏசி அறையில், ஈரம் குறைந்த நேரத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பஃபரின் பி.எச்சும் கணக்கில் சேரும். என்எச்எஸ் எஸ்டரின் அரை ஆயுள் பி.எச் 7-இல், 0 டிகிரியில் 4 முதல் 5 மணி நேரம். பி.எச் 8.6-இல், 4 டிகிரியில் வெறும் 10 நிமிடம். பழைய பைகார்பனேட் கரைசல் காற்றில் கரியமில வாயுவை இழந்து 9-க்கு ஏறியிருக்கும். அதனால்தான் அன்றே கரைக்கச் சொன்னோம்.

எங்க லேப்ல ரூம் டெம்பரேச்சர்னாலே 34 டிகிரி. பரவாயில்லையா?

கத்திரி வெயிலில் வழிகாட்டித் தாளின் 'அறை வெப்பநிலை' நம் அறைக்குப் பொருந்தாது. 34 டிகிரியில் ஒட்டுவதும் வேகம், சாயம் உடைவதும் வேகம்; தினம் ஒரு முடிவு வரும். தெர்மோமீட்டர் வைத்த பீக்கரில் தண்ணீரும் ஐஸும் கலந்து 25-இல் நிறுத்துங்கள். இல்லையென்றால் 4 டிகிரி குளிர்பெட்டியில் 2 மணி நேரம் வையுங்கள். எதுவானாலும் ஒவ்வொரு முறையும் அதுவே இருக்கட்டும்.

ஒட்டாத சாயத்தை எப்படிப் பிரிப்பது? எத்தனை ஒட்டியது என்று எப்படித் தெரியும்?

செஃபடெக்ஸ் ஜி-25 நிரப்பிய நேப்-5 குழாய் போதும். முதலில் 10 மி.லி பிபிஎஸ் ஓடவிடுங்கள். உங்கள் கலவை 447 மைக்ரோலிட்டர். 53 மைக்ரோலிட்டர் பிபிஎஸ் சேர்த்து 0.5 மி.லி ஆக்கி ஏற்றுங்கள். முழுக்க உள்ளே இறங்கட்டும். பிறகு 1 மி.லி பிபிஎஸ் விட்டு, அந்த 1 மி.லி-யைப் பிடியுங்கள். குழாயில் இரண்டு மஞ்சள்பச்சைப் பட்டைகள் பிரிவது கண்ணுக்கே தெரியும். முன்னால் ஓடுவது ஆன்டிபாடி, பின்னால் மேலேயே தங்கி நிற்பது வெறும் சாயம். பேராசைப்பட்டு 1.5 மி.லி பிடித்தால் இரண்டும் கலக்கும்.

இப்போது ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர். புரதத்துக்கான 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 1.20, சாயத்துக்கான 494-இல் 1.60 என்று வந்தது என வைத்துக்கொள்வோம். சாயமும் 280-இல் கொஞ்சம் உறிஞ்சும். இந்தச் சாயத்துக்கு அது 494-இன் 0.11 மடங்கு. 1.60 பெருக்கல் 0.11 என்றால் 0.176. 1.20-லிருந்து கழித்தால் 1.024. இதை ஆன்டிபாடியின் உறிஞ்சல் கெழு 2,10,000-ஆல் வகுத்தால் ஆன்டிபாடி 4.9 மைக்ரோமோலார், அதாவது ஏறக்குறைய 0.73 மி.கி/மி.லி. சாயம்: 1.60-ஐ அதன் கெழு 71,000-ஆல் வகுத்தால் 22.5 மைக்ரோமோலார். 22.5-ஐ 4.9-ஆல் வகுத்தால் ஒரு ஆன்டிபாடிக்கு 4.6 சாயம். நல்ல கோப்பு. உறிஞ்சல் 2-ஐத் தாண்டினால் நீர்த்துவிட்டு மறுபடி அளங்கள். கருவி அங்கே நம்பத்தக்கதல்ல.

12 சாயம் ஒட்டினால் இன்னும் பளிச்சென்று தெரியுமே?

தெரியாது, மங்கும். நெருங்கி உட்கார்ந்த சாயங்கள் ஒன்றின் ஒளியை ஒன்று விழுங்கும். ஆன்டிபாடியின் மேற்பரப்பும் எண்ணெய்ப்பிடிப்பாகி, இலக்கு இல்லாத செல்லிலும் ஒட்டும். 3 முதல் 6 வரை வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்திலும் இதே பாடம்தான். எம்எம்ஏஈ 8 கோத்த ஆன்டிபாடி, 4 கோத்ததைவிட வேகமாக ரத்தத்திலிருந்து வெளியேறிவிடும். உடம்புக்குள் கூடுதல் பலன் இல்லை, நஞ்சு மட்டும் கூடும். டிராஸ்டுசுமாப் எம்டான்சின் மருந்தில் சராசரி 3.5. டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகானில் 8 வரை போக முடிந்ததற்குக் காரணம், அதன் லிங்கரும் (மருந்தை ஆன்டிபாடியோடு இணைக்கும் கண்ணி) மருந்தும் அவ்வளவாகத் தண்ணீரை வெறுக்காதவை.

மாலிமைடு முறையில் என்ன கவனிக்க வேண்டும்?

டிசெப் என்ற ஒடுக்கியின் ஒரு மூலக்கூறு ஒரு டைசல்ஃபைடு பாலத்தைத் திறந்து 2 தயோல் தரும். 4 ஒட்ட வேண்டுமானால் ஆன்டிபாடிக்கு 2 முதல் 2.5 மோல் டிசெப், 37 டிகிரி, 90 நிமிடம். பஃபரில் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ 2 மில்லிமோலார் இருக்கட்டும். துளி இரும்போ செம்போ இருந்தால் தயோல்கள் மறுபடி பாலமாகிவிடும். டிசெப் கரைசலை ஃபாஸ்பேட்டில் செய்து வைக்காதீர்கள், நிலைக்காது. டிசெப்புக்குப் பதில், தயோல் உள்ள டிடிடி பயன்படுத்தினால் மாலிமைடுக்கு முன் முழுக்க நீக்க வேண்டும். இல்லாவிட்டால் மாலிமைடு அதோடுதான் கைகோக்கும்.

பி.எச் 6.5-க்கும் 7.5-க்கும் நடுவில் நிறுத்துங்கள். அதற்கு மேலே போனால் மாலிமைடு லைசினையும் பிடிக்கத் தொடங்கும். கடைசியில் சிஸ்டீன் சேர்த்து மிச்சத்தை முடித்துவிடுங்கள்.

புரதத்தை எடைவாரியாகப் பிரிக்கும் எஸ்டிஎஸ் ஜெல்லில் ஓட்டிப் பார்த்து, ஆன்டிபாடி துண்டு துண்டாகிவிட்டது என்று பலர் பதறுவார்கள். பாலங்கள் திறந்த ஆன்டிபாடி சாதாரண பஃபரில் ஒன்றாகத்தான் நிற்கும். சங்கிலிகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும். எஸ்டிஎஸ் என்ற சோப்பு அந்தப் பிடியை விடுவிப்பதால்தான் தனித்தனிப் பட்டை. உண்மை தெரிய வேண்டுமானால் எஸ்இசி (அளவுவாரியாகப் பிரிக்கும் குழாய்) ஓட்டுங்கள். 150 கிலோடால்டனில் ஒரே மலை வந்தால் நலம். அதற்கு முன்னால் ஒரு சிறு மேடு வந்தால் அது திரண்ட புரதம்.

கதிரியக்க உலோகத்துக்கான கீலேட்டரை நாங்களே கோக்கலாமா?

கீலேட்டர் கோப்பதில் கதிர்வீச்சு இல்லை, கோக்கலாம். உலோகத்தை ஏற்றுவது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் உள்ள இடத்தில், அதற்குப் பயிற்சி பெற்றவர் கையில்தான். இதில் சலுகை கிடையாது.

சிர்க்கோனியம்-89-க்கு டிஎஃப்ஓ என்ற கீலேட்டர். அதன் ஐசோதயோசயனேட்டை 3 மோல் மடங்கு, பி.எச் 9, 37 டிகிரி, 30 நிமிடம். லூட்டீசியம்-177-க்கு டோட்டா. இரண்டிலும் எதிரி ஒன்றுதான்: வழியில் வரும் இரும்பு, துத்தநாகம், கால்சியம். கதிரியக்க உலோகத்தின் அளவு அத்தனை சிறிது. வேறு உலோகம் முன்னாலேயே கீலேட்டரில் உட்கார்ந்திருந்தால் அதற்கு இடம் கிடைக்காது. ஸ்டீல் ஸ்பாட்டுலா வேண்டாம், பிளாஸ்டிக் போதும். பஃபரை உலோகத்தை உறிஞ்சும் கீலெக்ஸ் மணிகளோடு சேர்த்து வடிகட்டுங்கள். கேன் தண்ணீர் குடிக்கத்தான். இந்த வேலைக்கு உப்பெல்லாம் நீக்கிய 18.2 மெகாஓம் தண்ணீர். கண்ணாடிப் பாத்திரத்தை போர்வெல் தண்ணீரில் கழுவிவிட்டு அப்படியே பயன்படுத்தி, டோட்டா வேலை செய்யவில்லை என்று சொல்வது அடிக்கடி நடக்கிறது.

ஏன் சிர்க்கோனியம், ஏன் காலியம்-68 இல்லை என்றும் கேட்கிறார்கள். முழு ஆன்டிபாடி ரத்தத்தை விட்டுக் கட்டியில் சேர நாட்கள் ஆகும். காலியத்தின் அரை ஆயுள் 68 நிமிடம். ஆன்டிபாடி போய்ச் சேர்வதற்குள் விளக்கு அணைந்துவிடும். சிர்க்கோனியம்-89-க்கு 78 மணி நேரம். அதனால்தான் ஊசி போட்ட நான்காவது, ஐந்தாவது நாளில் படம் எடுக்கிறார்கள்.

கோத்ததை வேறு ஆய்வகத்துக்கு எடுத்துப் போக, காசிமேடு ஐஸ் போதுமா?

உருகிக்கொண்டிருக்கும் நல்ல தண்ணீர் ஐஸ் 0 டிகிரியில் நிற்கும், கெடுதல் குறைவு. மீன் பெட்டியில் கடல்நீர் பட்ட ஐஸ் 0-க்குக் கீழே இறங்கும், அது வேண்டாம். பெரிய ஆபத்து ஃப்ரீசரிலிருந்து நேராக எடுத்த ஜெல் பை. மைனஸ் 20-இல் இருந்த பை ட்யூபைத் தொட்டால் உள்ளே உறைந்து ஆன்டிபாடி திரளும். ஜெல் பையை அரை மணி வெளியே வைத்து, மேலே வியர்த்து நெகிழத் தொடங்கிய பின் துணியில் சுற்றி வையுங்கள். ட்யூப் மூடிக்கு பாராஃபில்ம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் நிற்க நேரலாம். அதற்கும் தாங்கும்படி ஐஸ் வையுங்கள்.

எண்ணிக்கை சரியாக வந்துவிட்டது. வேலை முடிந்ததா?

பாதிதான். 4.6 என்ற எண் ஒட்டியதைச் சொல்லும். ஆன்டிபாடிக்கு இன்னும் கண் தெரிகிறதா என்பதைச் சொல்லாது. ஹெர்2 நிறைந்த எஸ்கே-பிஆர்-3 செல்லையும், ஹெர்2 இல்லாத எம்டிஏ-எம்பி-468 செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஒளியை அளக்கும் முறை) பாருங்கள். முதலாவதில் ஒளி, இரண்டாவதில் இருட்டு வர வேண்டும். மூன்றாவது ட்யூப் ஒன்று: சாயம் கோக்காத அதே ஆன்டிபாடியை 100 மடங்கு முன்னதாக விட்டு, பிறகு சாயம் கோத்ததை விடுங்கள். ஒளி விழுந்தால் அது உண்மையான பிடிப்பு. விழாவிட்டால் சாயம் செல்லின் தோலில் சும்மா அப்பியிருக்கிறது. இந்த மூன்றாவது ட்யூபைச் செலவு மிச்சம் என்று விட்டுவிடுவதை எங்களால் ஏற்க முடியாது.

அம்மாவுக்கு டிராஸ்டுசுமாப் என்று சீட்டில் இருக்கிறது, பின்னால் இன்னொரு சொல்லும் இருக்கிறது. இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. டிராஸ்டுசுமாப் வெறும் ஆன்டிபாடி. டிராஸ்டுசுமாப் எம்டான்சின், டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகான் இரண்டும் நச்சு மருந்து கோத்தவை, ஒவ்வொன்றும் வேறு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் மார்பகப் புற்றுநோய் அளவைப் பாருங்கள்: வெறும் டிராஸ்டுசுமாப், தொடர் டோஸாக, ஒரு கிலோ எடைக்கு 6 மி.கி, எம்டான்சின் 3.6, டெரக்ஸ்டிகான் 5.4. கலக்கும் திரவமும் வேறு. எம்டான்சினை குளுக்கோஸில் கலந்தால் புரதம் திரளும், ஆகவே உப்புக் கரைசல். டெரக்ஸ்டிகான் நேர் எதிர்: 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் மட்டும். சீட்டில் இருக்கும் முழுப் பெயரை, இரண்டாவது சொல்லோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போனால் அந்த முழுப் பெயரையே சொல்லுங்கள்.

டெரக்ஸ்டிகான் போட்ட பிறகு லேசாக இருமல். தூசு என்று விட்டுவிடலாமா?

விடாதீர்கள். மணலி, எண்ணூர் பக்கம் இருமல் யாருக்கும் புதிதல்ல என்பதாலேயே இதைத் தனியாக எழுதுகிறோம். இந்த மருந்து சிலருக்கு நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது. ஆரம்பத்தில் பிடித்தால் மருந்தை நிறுத்தி, ஸ்டீராய்டு கொடுத்துச் சமாளிக்க வழி உண்டு. புதிதாக வறட்டு இருமல், மாடிப்படி ஏறும்போது முன்பில்லாத மூச்சு வாங்கல், காய்ச்சல் இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த ஊசித் தேதி வரை காத்திருக்காமல் அன்றே சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.